டைப் 1 சர்க்கரை நோய்: குழந்தையின் குடல் பாக்டீரியாவுக்காக எதைச் செய்யலாம், எதை விடலாம்

பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ டைப் 1 இருந்தால், குழந்தைக்கு அது வரும் வாய்ப்பு ஏறக்குறைய 100க்கு 5. மற்றக் குழந்தைகளுக்கு 1000க்கு 4 அளவில்தான். குடலைச் சரிசெய்தால் இந்த ஆபத்து போய்விடும் என்று சொல்லி விற்கும் எதற்கும் இதுவரை நிரூபணம் இல்லை. குடல் பாக்டீரியாவுக்கும் நோய்க்கும் தொடர்பு இருப்பது மட்டும் உண்மை.

அமெரிக்கா, ஃபின்லாந்து, ஜெர்மனி, ஸ்வீடன் குழந்தைகளைத் தொடர்ந்து கவனிக்கும் டெடி ஆய்வு, 783 குழந்தைகளின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மல மாதிரிகளை அலசி 2018இல் முடிவுகளை வெளியிட்டது. நோய் வராத குழந்தைகளின் குடலில், நார்ச்சத்தைப் புளிக்கவைத்துக் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உருவாக்கும் பாக்டீரியா மரபணுக்கள் சற்றுக் கூடுதலாக இருந்தன. அவற்றில் ஒன்றான பியூட்டிரேட் குடல் சுவரின் செல்களுக்கு எரிபொருள். நோய் எதிர்ப்பு மண்டலம் மிகையாகச் செயல்படாமல் அடக்கி வைக்கும் டி செல்கள் என்ற வெள்ளணுக்களுக்கும் துணை. ஆனால் வேறுபாடு சிறியது. அது நோய்க்குக் காரணமா, கூடவே வருவதா என்பதை இத்தகைய ஆய்வு சொல்லாது.

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு திட உணவோடு 2 வயது வரை. தாய்ப்பாலின் சில சர்க்கரைகளைக் குழந்தையால் செரிக்க முடியாது. அவை பிஃபிடோபாக்டீரியா என்ற நல்ல குடல் பாக்டீரியாவுக்கான தீனி. பால் போதாமல் பவுடர் பால் கொடுத்தால் சாதாரண வகையே போதும். புரதத்தை உடைத்துத் தயாரித்த விலையுயர்ந்த வகையை 2,159 குழந்தைகளிடம் சோதித்த டிரிகர் ஆய்வில் (2018) டைப் 1 குறையவில்லை. கோதுமையை ஒரு வயது வரை தள்ளிப்போட்டதிலும் பலன் இல்லை.

நார்ச்சத்து: உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2–5 வயதுக்கு நாளுக்குக் குறைந்தது 15 கிராம், 6–9 வயதுக்கு 21, அதற்கு மேல் 25. பயறு, காய், பழம், முழுத்தானியம் வழியாக இரண்டு மூன்று வாரங்களில் மெல்ல ஏற்றுங்கள், தண்ணீரையும் கூட்டுங்கள். ஒரே நாளில் ஏற்றினால் வயிறு உப்பும், குழந்தை அந்த உணவையே வெறுத்துவிடும்.

ஆன்டிபயாடிக் சளிக்குத் தேவையில்லை. பாக்டீரியா தொற்றுக்கு மருத்துவர் எழுதினால் மறுக்கவும் வேண்டாம். டெடி ஆய்வில் ஆன்டிபயாடிக்குக்கும் டைப் 1 ஆன்டிபாடிகளுக்கும் (இன்சுலின் சுரக்கும் செல்களை உடலே தாக்குவதன் அடையாளமாக, நோய்க்கு முன்பே ரத்தத்தில் தோன்றுபவை) தொடர்பு தெரியவில்லை.

புரோபயாடிக்கில், அதாவது நன்மைக்காகக் கொடுக்கும் உயிருள்ள பாக்டீரியாவில், நிதானம் வேண்டும். பிறந்த 27 நாட்களுக்குள் கொடுத்ததற்கும் ஆன்டிபாடி குறைவுக்கும் டெடியில் தொடர்பு தெரிந்தது. அதுவும் அதிக ஆபத்துள்ள ஒரு மரபணு வகைக் குழந்தைகளிடம் மட்டுமே. குறைப்பிரசவக் குழந்தைக்கு நீங்களாகக் கொடுக்கவே கூடாது: உயிருள்ள பாக்டீரியா ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

வீட்டிலிருந்து அனுப்பும் மலப் பரிசோதனையால் டைப் 1 ஆபத்தைக் கணிக்க முடியாது. அந்தப் பணத்தை ரத்த ஆன்டிபாடி பரிசோதனைக்கு வையுங்கள். இன்சுலின், ஜிஏடி, ஐஏ-2, ஸிங்க் டிரான்ஸ்போர்ட்டர் 8 ஆகிய நான்கு புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடிகளையும் கேளுங்கள். 2 வயதை ஒட்டி ஒருமுறை, 6 வயதை ஒட்டி மறுமுறை பார்த்தால், நோய் வரவிருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் அகப்படுவார்கள். தாய்க்கு டைப் 1 இருந்தால், கைக்குழந்தையிடம் தெரிவது தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடியாக இருக்கலாம். இன்சுலின் ஊசி தொடங்கிச் சில நாட்களானதும் இன்சுலின் ஆன்டிபாடி முடிவு பயன்படாது.

பாசிடிவ் வந்தால் புதிய மாதிரியில் உறுதிசெய்யுங்கள். சிறுவயதில் இரண்டோ அதற்கு மேலோ ஆன்டிபாடிகள் உறுதியானால், 10 ஆண்டுகளில் சுமார் 70% பேருக்கு நோய் வெளிப்படும். சர்க்கரை அளவு மாறத் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில், 8 வயது நிறைந்தவர்களுக்கு டெப்லிசுமாப் என்ற மருந்து நோயைச் சராசரியாக 2 ஆண்டுகள் தள்ளிப்போடுகிறது. அமெரிக்காவில் 2022இல் அனுமதி பெற்றது.

ஆன்டிபாடி இருக்கிறதோ இல்லையோ, அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், நின்றுபோயிருந்த படுக்கை நனைப்பு மீண்டும் தொடங்குவது, எடை இறங்குவது ஆகியவை தெரிந்தால் அன்றே விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரையைப் பாருங்கள். 200 மி.கி./டெ.லி. அல்லது அதற்கு மேல் என்றால் அன்றே மருத்துவமனை. வாந்தியோ ஆழ்ந்த வேக மூச்சோ இருந்தால் அளந்து பார்க்கவும் காத்திருக்க வேண்டாம்.