ஊரைக் கூட்டுவதற்கு முன்னால் கதவைத் தட்டுங்கள்

போன மாதம் புதிதாகத் தொடங்கிய ஓர் அக்கம்பக்க அமைதிக்குழுவின் கூட்டத்துக்குப் போயிருந்தேன். இரண்டு வீட்டுக்கு நடுவே வண்டி நிறுத்தும் தகராறு. குழு செய்த முதல் வேலை, தெருவையே கூட்டியது. நானும் ஒரு காலத்தில் ஆடிய அதே கூத்து. பொறுமையாகப் பேசுங்கள், பக்கம் சாயாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விடுகிறேன். புதுக் குழுக்கள் செய்யும் தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எடுத்த எடுப்பில் பொதுக்கூட்டம்

என் கதையில் பிரச்சினை சத்தம். மேல் வீட்டில் நள்ளிரவு வரை தையல் மெஷின் ஓடும். கீழ் வீட்டில் கைக்குழந்தை. நான் நாற்பது பேரைக் கூட்டி, இரண்டு தரப்புக்கும் எதிரெதிரே நாற்காலி போட்டேன். அந்த நாற்காலி வரிசையை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வரும், என் மேல்தான். கீழ் வீட்டுக்காரர் வாயைத் திறந்ததுமே யாரோ போனில் வீடியோ எடுத்தார். மேல் வீட்டு அம்மா தன் மகனைப் பார்த்தார், போனைப் பார்த்தார். "என் வீட்டில் நான் எப்போது வேண்டுமானாலும் தைப்பேன்" என்றார். அவ்வளவுதான், ஏழு மாதம் பேச்சுவார்த்தையே இல்லை.

அப்புறம் தனியாகப் போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது, மெஷினுக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போட அவருக்கு முதல் நாளே சம்மதம். யாரும் கேட்கவில்லை. நாலு பேர் முன்னால் இறங்கி வருவது தோற்றுப்போனது மாதிரி. அதனால் முதலில் இரண்டு பேராக ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகப் போங்கள். என்ன வேண்டும் என்று மட்டும் கேட்காமல், அது எதற்கு வேண்டும் என்றும் கேளுங்கள். இரண்டு பக்கமும் தயார் என்று தெரிந்த பிறகு சேர்ந்து உட்காரலாம்.

பெரியவர்கள் மட்டும் இருக்கும் குழு

கென்யாவின் வஜீரில் 1990-களின் தொடக்கத்தில் குலச்சண்டை முற்றியபோது, முதலில் இறங்கியது வெவ்வேறு குலத்துப் பெண்கள். எந்தக் குலத்தவரும் சந்தையில் பயமில்லாமல் வாங்கவும் விற்கவும் முடிகிறதா என்று அவர்களே கண்காணித்தார்கள். குலப் பெரியவர்களின் உடன்படிக்கை அதன் பிறகுதான் வந்தது.

சண்டை வந்த பிறகு குழு

மகாராஷ்டிரத்தின் பிவண்டியில் 1984 இந்து-முஸ்லிம் கலவரத்துக்குப் பின் அமைந்த மொஹல்லா கமிட்டிகளில், அதாவது பேட்டை அமைதிக்குழுக்களில், இரு மதத்தவரும் போலீசும் வருடக்கணக்கில் ஒன்றாக உட்கார்ந்து பழகியிருந்தார்கள். 1992-93இல் பக்கத்து மும்பை எரிந்தபோது பிவண்டியில் கலவரம் மூளவில்லை.

வாட்ஸ்அப்பில் பஞ்சாயத்து

வேண்டாம்.

வீட்டுக்குள் அடி விழும் விவகாரத்தில் சமரசம்

தொடாதீர்கள். அது சட்ட உதவிக்குப் போக வேண்டியது.

வாய்வார்த்தையாக முடிப்பது

யார், எத்தனை மணி வரை, எந்த நாளில் என்று ஒரு தாளில் எழுதி இரு தரப்பிடமும் கொடுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒருமுறை எட்டிப் பாருங்கள். நான் போனபோது மெஷின் எழுதியபடி ஒன்பதரைக்கு நின்றது. காலை ஐந்து மணி மிக்ஸிதான் புதுப் பிரச்சினை.