கோழிப்பட்டிக்கு மின்வேலி: மெஷினைவிட எர்த்தைக் கவனியுங்கள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டு லைனிலிருந்தோ மோட்டார் பெட்டியிலிருந்தோ கம்பிக்கு நேராகக் கரண்ட் கொடுக்கிற யோசனை யாருக்காவது இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள். அது வேலி இல்லை, கொலைப்பொறி. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கத்தில் அப்படி ஒரு கம்பியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. பன்றிக்கு வைத்த கம்பியில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் மாட்டிக்கொண்ட செய்தி ஒவ்வொரு வருடமும் வருகிறது. நாம் பேசப்போவது ஜட்கா மெஷின் (கம்பிக்கு விட்டு விட்டுக் கரண்ட் அனுப்புகிற பெட்டி) வைத்துப் போடுகிற வேலி. அது அடிக்கும், ஆனால் கொல்லாது.

ஏன் கொல்லாது? மெஷின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுத்து 5000, 8000 வோல்ட் வரை ஏற்றினாலும், கரண்டை விடாமல் அனுப்புவதில்லை. நொடிக்கு ஒரு தட்டு, அதுவும் நொடியில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம்தான். நடுவில் கிடைக்கிற இடைவெளியில் விலங்கு (மனுசனும்தான்) கையைக் காலை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம். ஒரு தட்டின் சக்தி 5 ஜூலுக்கு மேல் போகக்கூடாது என்பது தர விதி. வாங்கும்போது ஐ.எஸ். 302 என்ற இந்தியத் தரத்துக்கு உட்பட்டதா என்று கேளுங்கள். கடைக்காரர் முழித்தால் வேறு கடை பாருங்கள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் பத்து சென்ட், அதில் முப்பது நாட்டுக்கோழி. சுற்றளவு எண்பது மீட்டர் சொச்சம். இதற்கு அரை ஜூல், ஒரு ஜூல் மெஷினே தாராளம். "இருபது ஏக்கர் தாங்கும்" என்று பெட்டியில் போட்டிருப்பதையெல்லாம் நம்பி அதிக விலை கொடுக்கத் தேவையில்லை. நான் கொடுத்தேன். கொடுத்தும் மூன்றாம் நாளே ஒரு மரநாய் உள்ளே வந்து அடைக்கோழியைத் தூக்கிக்கொண்டு போனது. மெஷின் டக் டக்கென்று ஒழுங்காகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. சித்திரை மாதம், மண் ஓடு மாதிரி காய்ந்து கிடந்தது, நானோ ஒன்றரை அடி இரும்புக் கம்பி ஒன்றைத் தரையில் குத்திவிட்டு அதுதான் எர்த் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விலங்குக்கு அடி விழவேண்டுமென்றால் கரண்ட் கம்பியிலிருந்து அதன் உடம்புக்குள் போய், கால் வழியாக மண்ணில் இறங்கி, மண்ணுக்குள்ளேயே நடந்து, எர்த் கம்பியைப் பிடித்து மெஷினுக்குத் திரும்பி வரவேண்டும். இந்தச் சுற்றில் எங்கே தடை இருந்தாலும் வெறும் சத்தம்தான். பத்தில் எட்டு வேலி இங்கேதான் கோட்டை விடுகிறது என்பது என் கணிப்பு.

அதனால் எர்த்தை இப்படிப் போடுங்கள். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்போ ராடோ மூன்று எடுத்து, ஒவ்வொன்றையும் குறைந்தது மூன்றடி, முடிந்தால் ஆறடி ஆழம் இறக்குங்கள். ஒன்றுக்கொன்று பத்தடி இடைவெளி விட்டு, மூன்றையும் ஒரே ஜி.ஐ. கம்பியால் இணைத்து மெஷினின் எர்த் முனையில் கொடுங்கள். செம்புக் கம்பியை ஜி.ஐ.யோடு முறுக்கிவிடாதீர்கள், இரண்டு மழைக்குள் இணைப்பு அரித்துவிடும். இடம் எப்போதும் ஈரமாக இருக்கிற இடமாகப் பாருங்கள்: பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகிற வாய்க்கால், வாழை மரத்தடி, தொட்டி ஓரம். வீட்டு எர்த் குழியிலிருந்து முப்பது அடியாவது தள்ளி இருக்கட்டும், இல்லாவிட்டால் குழாயைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும், வீட்டில் பேச்சு வாங்கவேண்டியிருக்கும். கோடையில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

எர்த் சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. மெஷினை அணைத்துவிட்டு, வேலியின் கடைசிப் பக்கம் ஒரு இரும்புக் கடப்பாரையைத் தரையில் குத்திக் கம்பியின்மேல் சாய்த்து வையுங்கள். மெஷினைப் போட்டுவிட்டு, எர்த் ராடுக்கும் மூன்றடி தள்ளிக் குத்திய இன்னொரு சின்னக் கம்பிக்கும் நடுவில் வேலி டெஸ்டர் (வேலியின் வோல்ட்டை அளக்கிற கருவி) வைத்துப் பாருங்கள். 300 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போதவில்லை, இன்னொரு ராடு இறக்கவேண்டும். சாதாரண மல்டிமீட்டரை மட்டும் வைத்துவிடாதீர்கள், அன்றோடு அதன் கதை முடிந்தது.

அடுத்தது கம்பி. ஏற்கெனவே வலை வேலி இருக்கிறதென்றால் உங்களுக்குப் பாதி வேலை முடிந்தது, வலையைப் பிரிக்காதீர்கள். அந்த வலையையே எர்த் முனையோடு இணைத்துவிட்டு, மின்கம்பியை வலைக்கு வெளிப்பக்கம் ஐந்து ஆறு அங்குலம் தள்ளி இழுங்கள். வலையில் கால் வைத்துக்கொண்டு கம்பியைத் தொடுகிற மரநாய்க்கு மண் காய்ந்திருந்தாலும் ஈரமாக இருந்தாலும் ஒரே அடிதான். எனக்கு வேலை செய்தது இந்த ஏற்பாடுதான். ஒரே கவனம்: கூட்டுக்குள் பல்புக்கு இழுத்த வீட்டு வயர் அந்த வலையில் எங்கும் பட்டுவிடக்கூடாது, வலை வீட்டுச் சுவரின் இரும்பையும் தொடக்கூடாது.

உயரத்தை வருகிற ஆளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கீரி தரையோடு தரையாக மூக்கை வைத்துக்கொண்டு வரும், அதுவும் பட்டப்பகலில். அதற்கு முதல் கம்பி தரையிலிருந்து நாலு அங்குலத்தில். நரியும் நாயும் தோண்டப் பார்க்கும், அவற்றுக்கு இரண்டாவது கம்பி பத்து, பன்னிரண்டு அங்குலத்தில். மரநாயும் காட்டுப்பூனையும் ஏறுகிற சாதி, அவற்றுக்கு வலையின் உச்சியில், நாலு அங்குலம் மேலே ஒரு கம்பி. மூன்று கம்பி போதும். வலையின் கீழ் இரண்டு அடிக்கு மட்டும் அரை அங்குலக் கண் உள்ள வெல்டுமெஷ் (பற்றவைத்த கம்பி வலை) கட்டுங்கள், பெரிய கண் வலையில் கீரி தலையை நுழைத்தால் உடம்பும் பின்னாலேயே வந்துவிடும். வேலிக்குப் பக்கத்தில் சாய்ந்த முருங்கைக் கிளை இருந்தால் வெட்டிவிடுங்கள், மரநாய்க்கு அதுதான் மாடிப்படி.

வலையே இல்லாமல் வெறும் கம்பியில் போடுகிறவர்கள் ஐந்தாறு கம்பி இழுக்கவேண்டும், கீழே நாலு அங்குல இடைவெளி, மேலே போகப் போக ஆறு எட்டு. காய்ந்த மண்ணாக இருந்தால் ஒன்று விட்டு ஒரு கம்பியை எர்த்தில் கொடுங்கள். ஆனால் கோழிக்கு இது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, குஞ்சுகள் சந்தில் வெளியே போய்விடும்.

கம்பிக்குப் பதினான்கு கேஜ் ஜி.ஐ. சரியாக இருக்கும். முள்கம்பியில் கரண்ட் விடக்கூடாது, மாட்டிய உயிர் விடுபட முடியாமல் தொடர்ந்து அடி வாங்கும். இன்சுலேட்டருக்குக் காசு மிச்சம் பிடிக்கப் பழைய சொட்டுநீர்க் குழாயை நறுக்கிப் போடுகிறவர்கள் உண்டு, ஒரு கோடை வெயிலில் வெடித்துவிடும். மெஷினிலிருந்து வேலிக்குப் போகிற வயருக்கும், கேட்டுக்குக் கீழே புதைக்கிற வயருக்கும் வீட்டு வயரிங் கம்பி வேண்டாம், அது 1100 வோல்ட்டுக்குத்தான் செய்தது. 8000 வோல்ட்டை அது மண்ணுக்குக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும், நீங்கள் மெஷினைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். வேலிக்கென்றே விற்கிற கனமான கேபிள் வாங்கி, பிவிசி பைப்புக்குள் விட்டுப் புதையுங்கள்.

பேட்டரி கணக்கு சுலபம். 200 மில்லி ஆம்பியர் இழுக்கிற மெஷின் நாள் முழுக்க ஓடினால் 4.8 ஆம்பியர்-மணி (ஏ.எச்.). 7 ஏ.எச். பேட்டரி ஒரு நாள்தான் தாங்கும், ஐப்பசி கார்த்திகையில் வானம் மூன்று நாள் மூடிக்கொண்டால் வேலி படுத்துவிடும். 26 ஏ.எச். பேட்டரியும் 40 வாட் பேனலும் போட்டால் நிம்மதி. இரவில் மட்டும் போட்டால் மிச்சமாகுமே என்று கேட்பார்கள். கீரியும் தெரு நாயும் பகலில் வருகிறவை, அதனால் எப்போதும் ஓடட்டும். ஆமை, உடும்பு நடமாட்டம் உள்ள இடமென்றால் மட்டும் அடிக் கம்பியைத் தனி சுவிட்சில் கொடுங்கள். ஆமை அடிபட்டால் ஓடாது, ஓட்டுக்குள் சுருங்கிக்கொண்டு அங்கேயே கிடந்து செத்துப்போகும். அது கண்ணில் பட்டால் சுவிட்சை அணைத்து அப்புறப்படுத்திவிடலாம். மரநாய், கீரி, நரி எல்லாமே வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறவை, விரட்டலாம், கொல்லக்கூடாது. காப்புக்காட்டுப் பக்கத்தில் இருக்கிறவர்கள் வேலி போடும் முன்பே வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள், தமிழ்நாட்டில் 2023இல் இதற்கென்றே விதிகள் வந்திருக்கின்றன.

வேலியை முதல் நாளிலிருந்தே கரண்டோடு வையுங்கள். இரண்டு நாள் சும்மா நின்ற கம்பியை நாய் முகர்ந்து, தாண்டிப் பழகிவிட்டால் பிறகு அடி விழுந்தாலும் முன்னால்தான் பாயும். மூக்கில் ஒருமுறை வாங்கியது திரும்ப வருவது அபூர்வம். கருவாட்டைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டால் சீக்கிரம் பழகும் என்று ஒருவர் சொன்னார், செய்து பார்த்தேன், தெருவில் உள்ள பூனையெல்லாம் வந்ததுதான் மிச்சம்.

கடைசி முனையில் வோல்ட் 4000க்குக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது. பெரும்பாலும் புல்தான், மழைக்காலத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை அடிக் கம்பிக்குக் கீழே செதுக்கவேண்டும். கண்ணுக்குத் தெரியாத கசிவென்றால் இருட்டியபிறகு நடந்து பாருங்கள், நீலப்பொறி தெரியும். பழைய ஏ.எம். ரேடியோ இருந்தால் கம்பியோரமாகக் கொண்டு போங்கள், கசியும் இடத்தில் டிக் டிக் சத்தம் கூடும். இடி மின்னல் வருகிற மாதிரி இருந்தால் இரண்டு வயரையும் மெஷினிலிருந்து கழற்றிவிடுங்கள். "மின்வேலி" என்று தமிழில் எழுதிய பலகை தெருப்பக்கம் கட்டாயம் தொங்கட்டும்.

பருந்துக்கும் பாம்புக்கும் இந்த வேலி கணக்கே இல்லை. குஞ்சுகளை ஒரு மாதம் வரை பஞ்சாரத்திலோ மேலே வலை போட்ட இடத்திலோ வைத்திருங்கள், முட்டையைச் சாயங்காலமே எடுத்துவிடுங்கள். பறந்து வேலியைத் தாண்டுகிற கோழிக்கு ஒரு பக்க இறக்கையின் நுனியை மட்டும் கத்தரித்தால் போதும், இரண்டு பக்கமும் வெட்டினால் சமமாகப் பறக்கும்.