வெல்லம் இல்லாமலே இனிக்கும் கேழ்வரகு மால்ட்

சேலம் பக்கத்து வீடுகளில் கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, வாசம் வரும்வரை வறுத்து அரைத்து வைத்துக்கொண்டு, அந்த மாவைப் பாலும் வெல்லமும் சேர்த்துக் காய்ச்சிக் குடிப்பது வழக்கம். முளைவிட்ட தானியத்துக்கு வெளியிலிருந்து இனிப்புத் தேவையே இல்லை. தன் மாவுச்சத்தைத் தானே சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும் நொதிகளை அது முளைக்கும்போதே உண்டாக்கிக்கொள்கிறது; நாம் செய்யும் வறுவல்தான் அவற்றை அழித்துவிடுகிறது. பார்லியிலிருந்து பேல் ஏல் என்னும் வெளிர்நிற பீர் காய்ச்சுபவர்கள் காலங்காலமாக நம்பியிருப்பது இந்த நொதிகளைத்தான். அவர்களுடைய வழியில் பாதித் தூரம் மட்டும் சென்று, ஈஸ்ட் சேர்க்கும் கட்டத்துக்கு முன்பே நின்றுவிடும் முறையைக் கீழே விளக்குகிறேன்.

முதலில் தானியம். புதிய அறுவடையில் வந்த, மேல்தோல் நீக்காத முழுக் கேழ்வரகு அரைக் கிலோ போதும். பழைய தானியம் சீராக முளைக்காது. விதைக்காக மருந்து கலந்து விற்கப்படும் கேழ்வரகை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. கேழ்வரகு கிடைக்கவில்லை என்று சோளத்தை மாற்றாக எடுப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்; சோள முளையில் உள்ள டூரின் என்னும் பொருள் சயனைடை வெளியிடக்கூடியது.

தானியத்தைக் கல் நீக்கி நன்றாகக் கழுவி, இடையில் ஒருமுறை தண்ணீரை மாற்றி, பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரமான பருத்தித் துணியில் தளர்வாகக் கட்டி நிழலில் வைக்கவும். காலையும் மாலையும் மூட்டையை அவிழ்த்துத் தண்ணீர் தெளித்துக் கிளறிவிட வேண்டும், ஏனெனில் முளைக்கும் தானியம் தானே சூடாகும். சூடு தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். சமவெளியில் இரண்டு நாளில் முடிவது, மார்கழிக் குளிரில் ஏற்காட்டில் மூன்று நான்கு நாள்வரை இழுக்கலாம் என்பதால், நாளைக் கணக்கிடுவதைவிட முளையைப் பார்ப்பதே சரி: வேர் தானியத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு நீண்டும், பச்சை தலைகாட்டாமலும் இருக்கும் நேரத்தில் நிறுத்திவிட வேண்டும். பூஞ்சண வாடை வந்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள். கழுவிச் சரிசெய்ய முடியாது.

உலர்த்துவதில்தான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். ஈரமாக இருக்கும்போது அதிகச் சூடு பட்டால் நொதிகள் அழிந்துபோகும். ஆகவே மெல்லிய பரப்பாக விரித்து முதலில் காற்றோட்டமான நிழலிலும், ஈரம் பெரும்பாலும் போன பிறகு இளவெயிலிலும் காயவைக்கவும். சேலத்துக் கோடை உச்சி வெயிலில் மொட்டை மாடித் தளத்தில் நேரடியாகக் கொட்டுவது கூடாது. பல்லில் கடித்தால் சடக்கென்று உடையும் அளவுக்குக் காய்ந்ததும், உள்ளங்கையில் தேய்த்துப் புடைத்து வேர்களை நீக்கவும். இதில் பத்தில் ஒரு பங்கை மட்டும் தனியே எடுத்துப் பொன்னிறமாக வறுத்துக்கொள்ளலாம். நிறமும் வாசமும் அதிலிருந்து வரும். இனிப்பை உண்டாக்கும் வேலை வறுக்காத ஒன்பது பங்கினுடையது. இரண்டையும் தனித்தனியே மிக்ஸியில் ரவைப் பதத்துக்கு உடைக்கவும். மாவாக அரைத்தால் வடிகட்டுவது பெரும் பாடாகிவிடும்.

இனி முக்கியமான கட்டம். பார்லியின் மாவுச்சத்து ஏறத்தாழ 60 முதல் 65 டிகிரி செல்சியசில் குழைந்துவிடும், நொதிகளும் அதே வெப்பத்தில் நன்றாக வேலை செய்யும். எனவே பேல் ஏல் காய்ச்சுபவர் உடைத்த தானியத்தை 66 டிகிரி அளவில் ஒரு மணி நேரம் வைத்தாலே போதும். கேழ்வரகு மாவுச்சத்து முழுமையாகக் குழைய அதைவிட உயர்ந்த சூடு வேண்டும், ஆனால் அந்தச் சூட்டில் நொதிகள் சிதையத் தொடங்கும். இந்தச் சிக்கலுக்கு வழி, நொதிகளை முதலில் தண்ணீரில் இறக்கி, அந்தத் தண்ணீரைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, தானியத்தை மட்டும் வேகவைப்பது.

வறுக்காத ரவையை ஒன்றரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில், 45 டிகிரி அளவில், கலக்கி அரை மணி நேரம் அசைக்காமல் வைக்கவும். மேலே தெளிந்து நிற்கும் நீரில் ஏறத்தாழ அறுநூறு மில்லியை அகப்பையால் மெதுவாக மொண்டு மூடி வைக்கவும். இதைச் சூடாக்கக் கூடாது. அடியில் உள்ள கெட்டிக் கலவையோடு வறுத்த ரவையையும் இன்னும் அறுநூறு மில்லி தண்ணீரையும் சேர்த்து, கைவிடாமல் கிளறிக் கூழாகக் காய்ச்சவும். கொதி வந்தபின் பதினைந்து நிமிடம் வேக வேண்டும். ஏற்காட்டின் உயரத்தில், அதாவது சுமார் 1,500 மீட்டரில், தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் அங்கே இன்னும் ஐந்து நிமிடம் கூட்டிக்கொள்ளவும்.

கூழ் 75 டிகிரிக்கு ஆறியதும் எடுத்து வைத்த நீர் முழுவதையும் ஒரே மூச்சில் ஊற்றி விரைவாகக் கலக்கவும். சிறிது சிறிதாக ஊற்றினால் முதலில் விழும் நீரின் நொதிகள் சூட்டில் கெடும். கலவை 63 முதல் 65 டிகிரிக்குள் வந்து நிற்க வேண்டும். இதற்குச் சமையல் வெப்பமானி ஒன்று வாங்குவது செலவல்ல, தேவை. பாத்திரத்தை மூடி, கம்பளியால் சுற்றி ஒரு மணி நேரம் வைத்திருங்கள். கரண்டி நிற்கும் கெட்டியாக இருந்த கூழ் கால் மணி நேரத்துக்குள்ளேயே நீர்த்து ஓடத் தொடங்குவதைப் பார்க்கும்போது உண்டாகும் வியப்பு எனக்கு இன்னும் குறையவில்லை. மாற்றம் முடிந்ததா என்று அறிய, வெள்ளைத் தட்டில் ஒரு துளி தெளிந்த நீரை விட்டு, காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தில் ஒரு துளி சேர்க்கவும். கருநீலமானால் மாவுச்சத்து மீதம் இருக்கிறது, இன்னும் அரை மணி நேரம் வைக்க வேண்டும். சோதித்த துளியைக் கொட்டிவிடவும்.

பார்லியின் உமி இயற்கையாகவே வடிகட்டிபோல் படியும். கேழ்வரகுக்கு அந்த வசதி இல்லாததால், சற்றுத் தெளியவிட்டு மேல்நீரை முதலில் துணியில் வடித்து, பிறகு சக்கையை இட்டு, அரை லிட்டர் வெந்நீர் ஊற்றிப் பிழியாமல் வடியவிடவும். வடித்ததைப் பதினைந்து நிமிடம் கொதிக்கவைக்கவும்.

பேல் ஏலில் இந்தக் கொதியின்போதுதான் ஹாப்ஸ் என்னும் கொடியின் பூக்கள் சேரும். தொடக்கத்தில் இட்டால் கசப்பும், இறுதியில் இட்டால் மணமும் தரும். ஒரே வகை ஹாப்ஸை மட்டும் பயன்படுத்துபவர்கள், அந்த ஒன்றின் குணம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றே அப்படிச் செய்கிறார்கள். நாமும் ஏலம், சுக்கு, கிராம்பு என்று அடுக்காமல் ஒரே பொருளை எடுப்போம். சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களில் படரும் மிளகே என் தேர்வு. அரைத் தேக்கரண்டி மிளகை ஒன்றிரண்டாகத் தட்டி, அடுப்பை அணைத்தபின் சேர்த்து, ஐந்து நிமிடம் மூடி வைத்து வடிகட்டவும். கொதியில் இட்டால் மணம் ஆவியோடு போய்க் காரம் மட்டும் மிஞ்சும்.

இதற்குமேல் புளிக்கவைக்க வேண்டாம். வீட்டில் மது காய்ச்சுவதை 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் தடைசெய்கிறது. அன்றைய சென்னை மாகாணத்தில் அந்த மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்ததும், 1937 அக்டோபர் 1 அன்று, நம் சேலம் மாவட்டத்தில்தான். சட்டம் ஒருபுறம் இருக்க, இனிப்பு நிறைந்த இந்த நீர் வெளியே வைத்தால் விரைவில் புளித்துவிடும் என்பதால், சூடாக அன்றே குடிக்கவும், அல்லது உடனே ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாளுக்குள் முடிக்கவும். சர்க்கரை சேர்க்கவில்லை என்பதற்காக நீரிழிவு உள்ளவர்களுக்கு இதைத் தாராளமாகக் கொடுத்துவிடக் கூடாது. இதில் இருப்பது பெரும்பாலும் மால்ட்டோஸ், அதுவும் சர்க்கரையே. மிஞ்சிய சக்கையை அன்றைக்கே அடை மாவில் கலந்துகொள்ளலாம், அல்லது தவிட்டோடு சேர்த்து மாட்டுக்கு வைக்கலாம்.