பழைய பேப்பரில் நம்ம சேலத்தைத் தேட

இணையத்தில் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளைத் துழாவும்போது வெறும் 'சேலம்' என்று ஆங்கிலத்தில் தட்டாதீர்கள், கூடவே 'மெட்ராஸ்' சேர்த்து, தேதியையும் குறுக்கிவிடுங்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸிலும் ஓரிகனிலும் இதே எழுத்தில் சேலம் இருப்பதால் அந்த ஊர்ச் செய்திதான் வந்து கொட்டும். நம்ம ஊர் வெளிநாட்டுப் பேப்பரில் வந்தால் பெரும்பாலும் மெட்ராஸ் பெயரோடுதான் வரும். உதாரணத்துக்கு, ராஜாஜி அரசு மதுவிலக்கை முதலில் சேலம் மாவட்டத்தில் கொண்டுவந்தது 1937 அக்டோபர் 1 அன்று, ஆகவே பழைய ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் உள்ள ட்ரோவ் (Trove) தளத்தில் (இலவசம்தான்) அந்த வருடக் கடைசியை மட்டும் தேடினால் போதும். ஏற்காட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, அது இருக்கும் சேர்வராயன் மலையை ஆங்கிலத்தில் எழுதும் 'ஷெவராய்' (Shevaroy), 'ஷெர்வராய்' (Shervaroy) இரண்டையும் போட்டுப் பாருங்கள். வெறும் படமாக ஸ்கேன் செய்த தமிழ் இதழ்களில் இது எடுபடாது, அங்கே தேதி பிடித்துப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதுதான்.