அருங்காட்சியகத்தில் ஆடுமுன் தரையைத் தட்டிப் பாருங்கள்

அண்மையில் ஓர் இளம் நடனக் குழுவின் ஒத்திகைக்குப் போயிருந்தேன். காட்சிக்கூடத்தின் நடுவே, பார்வையாளர்களோடு கலந்து, கிளப் இசைக்கு ஆடும் படைப்பு. பத்தே நிமிடத்தில் என் பழைய தவறுகள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. தாமதமாக வருவது, அசைவை மறப்பது எல்லாம் தானாகச் சரியாகிவிடும், அவற்றை விடுகிறேன்.

கான்கிரீட்டின் மேல் வெறும் வினைல்

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான். காட்சிக்கூடத் தரை கண்ணாடிபோல வழவழப்பாக இருக்கும். அதைப் பார்த்து மயங்கிவிடுகிறோம். மேலே வினைல் என்ற பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டால் கால் வழுக்காது, அவ்வளவுதான். குதித்து இறங்கும் அதிர்ச்சியை அந்த மெல்லிய விரிப்பு வாங்காது.

கணக்குப் போடுங்கள். டெக்னோ என்ற கிளப் இசையில் நிமிடத்துக்கு 128 துடிப்பு என்று வைத்தால், துடிப்புக்கு ஒரு துள்ளல் வீதம் 20 நிமிடத்தில் 2,560. ஒரு நாளில் மூன்று முறை ஆடினால் 7,680. கிளப்புக்கு வந்தவர் களைத்தால் ஓரமாகப் போய் உட்காருவார்; நம் கலைஞரால் அது முடியாது.

என் முதல் படைப்பில் பணத்தை விளக்குகளுக்குக் கொட்டினேன். அடியில் மரச்சட்டம் வைத்த, சற்றே அமுங்கும் நடனத் தரையை ‘பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளிவிட்டேன். நான்காம் நாள், குழுவில் ஒரு பெண் படிக்கட்டில் பக்கவாட்டாக இறங்கினாள். கேட்டதற்கு, “சும்மா பிடிப்புதான்” என்றாள். முழங்காலுக்குக் கீழே எலும்பில் மயிரிழை விரிசல். மீதி நாட்களில் அவள் ஆடவேண்டிய இடத்தை வெளிச்சத்தால் நிரப்பினோம். விளக்குதான் நிறைய இருந்ததே!

“நுரை மெத்தை விரித்தால் போதாதா?” என்று அந்த இளம் குழுவில் ஒருவர் கேட்டார். கூடாது. நுரையில் பாதம் புதையும். திரும்பும்போது கணுக்கால் திருகிக்கொள்ளும்.

ஒரு மணி நேரப் படைப்பை நாள் முழுக்க ஓட்டுவது

2015இல் பிரஸ்ஸல்ஸின் வீல்ஸ் கலை மையத்தில் பெல்ஜிய நடன அமைப்பாளர் ஆன் தெரேசா டி கேர்ஸ்மேக்கர், சுமார் ஒரு மணி நேர நடனத்தை ஒன்பது மணி நேரச் சுழற்சியாக விரித்தார். மணிக்கு மணி ஆடுபவர், வாசிப்பவர் சேர்க்கை மாறியது. நாமோ அதே ஆட்களை அதே வரிசையில் ஏழு முறை ஓடவிடுகிறோம்.

பேஸை (அடித்தொனி ஒலியை) கூட்டுவது

கல் சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள இடத்தில் ஒலி நான்கு வினாடி தங்கினால், அதற்குள் எட்டுத் துடிப்பு விழுந்துவிடும். கூட்டக் கூட்டத் தாளம் கரைந்து இரைச்சல்தான் மிஞ்சும். சிறிய ஒலிபெருக்கிகளை ஆடும் இடத்துக்கு அருகில் வையுங்கள்.

புகை இயந்திரம்

வேண்டாம்.

ஃபோன்கள்

மனிதர்களின் அசைவையே காட்சிக்கூடப் படைப்பாக்கும் கலைஞர் டினோ சேகல் தன் படைப்புகளைப் படமெடுக்கவே விடுவதில்லை. நீங்கள் விடுவதானால், ஒத்திகையிலேயே இரண்டு பேரை ஃபோனோடு பின்னோக்கி நடக்கச் சொல்லுங்கள். யார் மீது மோதுகிறார்கள் என்பது அன்றே தெரிந்துவிடும்.