கோ-ஆப் படிவம் வீட்டுக்கு வரும்போது

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள், பிள்ளை பத்தாம் பதினோராம் வகுப்பில் படிக்கிறது என்றால், ஒரு நாள், வேலைத்தலத்துக்குப் போய்க் கற்கும் ‘கோ-ஆப்’ பாடத்துக்கென்று ஒரு படிவத்தைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்கும். எங்கள் வீட்டில் அந்தப் படிவம் சாப்பாட்டு மேசையில் இரண்டு கிழமை கிடந்தது. மகன் மதியத்துக்குப் பிறகு வகுப்பில் இருக்க மாட்டான், கார் திருத்தும் கராஜ் ஒன்றில் நிற்பான், சம்பளமும் கிடையாது. இதற்காகவா கடல் கடந்து வந்தோம் என்று கேட்டேன். ஊரில் படிப்பு ஏறாத பிள்ளையைத்தான் கராஜுக்கு அனுப்புவார்கள். அந்த நினைப்பு நம்மோடு சேர்ந்தே விமானம் ஏறிவிடுகிறது.

உயர்நிலைப் பள்ளி டிப்ளோமாவுக்கு இங்கே 30 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட் என்பது 110 மணி நேரப் படிப்பு. கோ-ஆப்பும் அந்தக் கணக்கில் சேரும் பாடம்தான். பெரும்பகுதி வகுப்பறையில் அல்ல, வேலைத்தலத்தில் நடக்கும். பலர் எடுப்பது இரண்டு கிரெடிட்: ஒரு செமஸ்டர் முழுக்க அரைநாள். மருந்தகம், கணக்காளர் அலுவலகம், ஆரம்பப் பள்ளி, பேக்கரி என்று இடம் எதுவாகவும் இருக்கலாம். இடம் தேட உதவுவதும், இடையிடையே நேரில் போய்ப் பார்ப்பதும் கோ-ஆப் ஆசிரியரின் பொறுப்பு.

பெற்றோரின் பெரிய பயம் பல்கலைக்கழகம். விரல் விட்டே எண்ணிப் பார்க்கலாம். ஒன்ராறியோ பல்கலைக்கழகங்கள் பொதுவாகப் பார்ப்பது பன்னிரண்டாம் வகுப்பின் ஆறு பாடங்களை. அந்த ஆறில் கோ-ஆப் சேராது. ஆனால் ஆண்டுக்கு எட்டுப் பாடம் எடுக்க இடமிருக்கிறது. ஆறு போக மிச்சம் இரண்டு. பொறியியலுக்குப் போக நினைக்கும் பிள்ளையும் கணிதம், பௌதிகம், இரசாயனம் எதையும் விடாமல் கோ-ஆப் செய்யலாம். இன்னும் நிம்மதி வேண்டுமென்றால் பதினோராம் வகுப்பிலேயே முடித்துவிடுங்கள். ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: டிப்ளோமாவுக்கு வேண்டிய 40 மணி நேரச் சமூக சேவை வேறு; கோ-ஆப் மணி நேரத்தை அதில் காட்ட முடியாது.

கையெழுத்திடும் முன் பார்க்க வேண்டியது வேலைக்கல்வி ஒப்பந்தம். பள்ளி, முதலாளி, மாணவர், பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரென்றால் பெற்றோர் என எல்லோரும் முதல் நாளுக்கு முன்பே ஒப்பமிட்டிருக்க வேண்டும். சம்பளமில்லாத கோ-ஆப்பில் வேலையிடக் காயக் காப்புறுதியை மாகாணக் கல்வி அமைச்சு பார்த்துக்கொள்ளும். சம்பளம் கொடுத்தால் அது முதலாளியின் பாடு. கட்டடத் தளத்துக்குப் போக வயது 16 நிரம்பியிருக்க வேண்டும். ஆபத்தான வேலையை மறுக்கச் சட்டம் இடம் தருகிறது என்பதையும் பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள். பெரியவர் சொன்னால் தட்டக் கூடாது என்று நாம் வளர்த்த பிள்ளைகள் அல்லவா.

என் மகன் முதல் மூன்று கிழமை தரை கூட்டினான், டயர் அடுக்கினான். எனக்குள் எரிச்சல். ஆசிரியர் வந்து அவனுடைய குறிப்புப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு முதலாளியிடம் பேசினார். நாலாம் கிழமை ஒரு பிரேக் வேலையில் அவனைப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அன்று இரவு சோற்றுத் தட்டின் விளிம்பில் ஐந்து பருப்பு வைத்து எனக்குப் பாடம் நடத்தினான்: சக்கர நட்டுகளை வரிசையாகச் சுற்றி முறுக்கக் கூடாது, ஒன்றை முறுக்கினால் அடுத்தது எதிர்ப்பக்கத்தில், நட்சத்திரம் வரைவதுபோல. பாடப் புத்தகத்தைப் பற்றி அவன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

கைத்தொழிலில் உண்மையாகவே நாட்டமுள்ள பிள்ளைக்கு ‘ஓயாப்’ (OYAP) என்ற ஒன்ராறியோ இளைஞர் தொழிற்பயிற்சித் திட்டம் இருக்கிறது. பள்ளியில் படிக்கும்போதே தொழில் பயிலுநராகப் பதியலாம், அந்த மணி நேரம் பின்னால் பயிற்சிக் கணக்கில் சேரும். இன்னொன்று ‘எஸ்.எச்.எஸ்.எம்.’ (Specialist High Skills Major). 2006-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் சுகாதாரம், வணிகம், கட்டுமானம் என்று ஒரு துறையைப் பிடித்து, அதற்குரிய பாடங்களோடு கோ-ஆப்பும் முதலுதவிச் சான்றிதழ் போன்றவையும் சேர்த்து முடித்தால், டிப்ளோமாவில் சிவப்பு முத்திரை விழும். கைத்தொழிலாளருக்குக் கனடா முழுவதும் செல்லுபடியாகும் ‘ரெட் சீல்’ தகுதி இது அல்ல. கோயிலில் ஒருவர் இரண்டையும் ஒன்றாக்கி அரை மணி நேரம் விளக்கினார், தலையாட்டி வைத்தேன்.

கடைசியாக, டொரண்டோப் பக்கம் ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் கடையோ அலுவலகமோ வைத்திருக்கும் நம்மவருக்கு. பிள்ளைகளுக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் பள்ளிக்கு அறிமுகமான முதலாளிகளைப் பொறுத்தது. நீங்கள் அறிமுகமாகாவிட்டால் அந்தப் பட்டியலில் நீங்கள் இல்லை. அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளியைத் தொலைபேசியில் அழைத்து, கோ-ஆப் ஆசிரியரைக் கேளுங்கள். ஒரு மாணவருக்கு என்ன கற்றுக்கொடுக்க முடியும் என்று சொல்லுங்கள். கணக்குப் பார்ப்பது, பொருள் வரவழைப்பது, வாடிக்கையாளரிடம் பேசுவது, எதுவாகவும் இருக்கட்டும். பாத்திரம் கழுவ மட்டும் ஆள் தேவையென்றால், சம்பளம் கொடுத்து ஆள் வையுங்கள்.