கத்திரி வெயிலில் நாயைக் காப்பாற்ற

எங்கள் வீட்டு லேப்ரடார் கருப்பனுக்கு ஒன்பது வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால், கத்திரி வெயில் சமயம், அவன் கையை விட்டுப் போகப் பார்த்தான். வேலூர் வெயில் தெரிந்ததுதானே. மதியம் இரண்டு மணிக்குக் கரண்ட் போய்விட்டது. பின்பக்கம் தகரக் கூரைக்குக் கீழே படுத்திருந்தவன் எழுந்து வரவே இல்லை. போய்ப் பார்த்தால் நாக்கு தொங்கிக் கருஞ்சிவப்பாக இருந்தது. எச்சில் கஞ்சி மாதிரி கெட்டியாக வாயோரம் ஒட்டியிருந்தது. கூப்பிட்டதற்குக் கண் மட்டும் அசைந்தது.

பதற்றத்தில் ஈரத் துண்டை அவன் மேல் போர்த்தினேன். போனில் டாக்டர் சொன்னார்: “துண்டை எடுங்கம்மா. தண்ணி ஊத்திக்கிட்டே இருங்க, கூடவே விசிறுங்க.” போர்த்திய துண்டு கொஞ்ச நேரத்தில் சூடாகிவிடும், உடம்புச் சூட்டையும் வெளியே விடாது. தண்ணீர் காற்றில் ஆவியாகும்போதுதான் சூடு இறங்கும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கை நீட்டி இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும்.

அதனால் உங்கள் நாய் இப்படிச் சுருண்டால், உடனே நிழலுக்குத் தூக்குங்கள். வயிறு, தொடையிடுக்கு, அக்குள், பாதம் எல்லாம் நனைகிற மாதிரி தண்ணீர் ஊற்றுங்கள். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் அந்த நேரம் கொதிக்கும். குடத்துத் தண்ணீரை எடுங்கள். ஒருவர் ஊற்ற, ஒருவர் முறத்தாலோ அட்டையாலோ விடாமல் விசிற வேண்டும். மயங்கிக் கிடந்தால் வாயில் தண்ணீர் புகட்டாதீர்கள், புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். காய்ச்சல் என்று நினைத்து பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. நாய்க்கும் ஆபத்து, பூனைக்கோ அது விஷம்.

நாயின் உடம்புச் சூடு சாதாரணமாக 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். ஆசனவாயில் வைத்துப் பார்க்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றைத் தனியாக வாங்கி வையுங்கள். 103-க்கு இறங்கியதும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிடலாம், இல்லையென்றால் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும். எழுந்து வாலை ஆட்டினாலும் டாக்டரிடம் கொண்டுபோங்கள். சிறுநீரகத்துக்கு ஏற்பட்ட பாதிப்பு ஓரிரு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். கருப்பனுக்கு மூன்று நாள் டிரிப்ஸ் ஏறியது.

இப்போது அவனைக் காலை ஆறு மணிக்குள் நடத்திக் கூட்டிவந்துவிடுகிறோம். ராத்திரி எட்டுக்கு மேல்தான் அடுத்த நடை, அதுவும் தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு. ஏழு எண்ணும் வரை வைத்திருக்க முடியவில்லையா, அவன் பாதமும் வெந்துவிடும். பக் மாதிரி சப்பை மூக்கு நாய்கள், பெர்சியன் பூனைகள், வயதானவை, குண்டானவை இன்னும் சீக்கிரம் தவித்துப்போகும். நிழலில் நிறுத்திய காரில்கூட ஐந்து நிமிடம் விட்டுப் போகாதீர்கள்.

மதியம் அவனுக்குத் தயிர்சாதம், நிறைய மோர்விட்டுக் குழைத்து; வெங்காயம் சேர்ப்பதில்லை. விதை எடுத்த தர்பூசணி கொடுக்கலாம், திராட்சை கூடவே கூடாது. முடியை மொட்டையாக மழிக்கச் சொல்வார்கள். லேப்ரடார் போன்ற அடர்முடி நாய்க்கு அது வேண்டாம், தோல் நேராக வெயிலில் வேகும். சீவி உதிர்முடியை எடுத்தால் போதும். சீவும்போதே காது மடிப்பிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். கோடையில் உண்ணிக் காய்ச்சல் அதிகம். சாப்பாட்டை ஒதுக்கி, ஈறு வெளுத்திருந்தால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

தகரக் கூரைமேல் தென்னங்கீற்று போட்டாயிற்று. ஆனாலும் பதினொரு மணிக்கே அவனை உள்ளே கூப்பிட்டுவிடுகிறேன். வாசலில் ஒரு சிமெண்ட் தொட்டி வைத்திருக்கிறோம், தெரு நாய்களுக்கும் மாட்டுக்கும் சேர்த்து. கொசு முட்டையிடாமல் இருக்க தினமும் காலையில் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்புகிறேன். மதியத்துக்குள் காலியாகிவிடுகிறது.